கிளைட் பிரபுவின் குடும்பப் பெயர் எது? கேம்ப்பெல்லா, மக்லிவரா?

ஏடுதேடி:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வாசகர் வட்டம் 1857 கிளர்ச்சியைப் பற்றி ஒரு சிறு கட்டுரைத் தொகுப்பு கொண்டுவருகிறது. கடைசியில் வரும் பெயர் அடைவு வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். நானா சாகிப், தாந்தியா தோபே எல்லாம் சிக்கல் இல்லாமல் முடிந்தது. பிரிட்டிஷ் தரப்புக்கு வந்ததும் ஒரே ஒரு ஆளிடம் மாட்டிக்கொண்டேன்.

லக்னோவுக்குப் படையோடு போன தலைமைத் தளபதியை ஒரு கட்டுரையாளர் சர் காலின் கேம்ப்பெல் என்கிறார். இன்னொருவர் கிளைட் பிரபு என்கிறார். மூன்றாமவர் ‘மக்லிவர் என்ற தச்சரின் மகன்’ என்று போகிற போக்கில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டார். இணையத்தில் தேடினால், காலின் கேம்ப்பெல் இலங்கையில் ஆளுநராக இருந்தார் என்றும் வருகிறது. இவர்கள் உண்மையில் எத்தனை பேர்? குடும்பப் பெயர் என்று எதை எடுத்துக்கொள்வது? க வரிசையில் போடவா, ம வரிசையில் போடவா?

மணிக்கூண்டு:
கேம்ப்பெல், கிளைட், மக்லிவர் மூன்றும் ஒரே ஆள். இலங்கை ஆளுநர் வேறு ஆள்.

கிளைட்டை முதலில் கழித்துவிடுங்கள். அது பட்டத்தின் பெயர். 1858 ஆகஸ்டில் அவரைப் பிரபுவாக்கியபோது, பிறந்த ஊரான கிளாஸ்கோவில் ஓடும் ஆற்றின் பெயரைப் பட்டத்துக்கு வைத்துக்கொண்டார். கிரிமியப் போரில் இவருக்கு மேலே இருந்த ராக்லன் பிரபுவும் இப்படித்தான். குடும்பப் பெயர் சாமர்செட், ஆனால் எல்லோருக்கும் தெரிந்தது ராக்லன். கேம்ப்பெல், மக்லிவர் கதையை வடகடல் ஐயா வந்து சொல்லட்டும். அவர் இருப்பதே அந்த ஊரில்தான்.

வடகடல்:
மணி கூப்பிட்டால் வராமல் இருக்க முடியுமா?

1792 அக்டோபர் 20 அன்று கிளாஸ்கோவில் பிறந்தவர். அப்பா ஜான் மக்லிவர், மரவேலை செய்பவர். அம்மா ஆக்னஸ் கேம்ப்பெல். நான்கு பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர். ஆகவே பிறப்பால் காலின் மக்லிவர். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

அம்மாவின் உறவு ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் இருக்கும் ஐலா தீவைச் சேர்ந்தது. அங்கே கேம்ப்பெல்கள் தலைமுறை தலைமுறையாக நிலமும் மதிப்பும் உள்ளவர்கள். அம்மாவின் சகோதரர் ஜான் கேம்ப்பெல் படையில் அதிகாரி. தாய்மாமன் கடமை என்றால் என்ன என்று நம்மவர்களுக்கு விளக்க வேண்டாம். பையன் கிளாஸ்கோ உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். மாமா தன் செலவில் இங்கிலாந்தின் தென்கோடியில் கோஸ்போர்ட்டில் இருந்த படைப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பினார்.

பதினைந்து வயதானபோது மாமா அவனை யார்க் கோமகனிடம் அழைத்துப் போனார். கோமகன் என்றால் மன்னர் மூன்றாம் ஜார்ஜின் இரண்டாவது மகன்; அப்போது பிரிட்டிஷ் படைக்குத் தலைமைத் தளபதி. அதிகாரி நியமனங்கள் அவர் கை வழியாகத்தான் போகும். கேம்ப்பெல் அழைத்து வந்த பையன் கேம்ப்பெல்லாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்து, இந்தக் குலத்தில் இன்னொருவனா என்பதுபோல் ஏதோ சொல்லி, காலின் கேம்ப்பெல் என்றே குறித்துக்கொண்டாராம். வெளியே வந்ததும் பையன், பெயரைத் தப்பாக எழுதிவிட்டாரே என்று மாமாவிடம் சொன்னான். படைத் தொழிலுக்கு அந்தப் பெயர்தான் உதவும், அப்படியே வைத்துக்கொள் என்று மாமா முடித்துவிட்டார்.

1808 மே 26 தேதியிட்டு ஒன்பதாம் காலாட்படையில் என்சைனாக நியமனம். என்சைன் என்றால் காலாட்படை அதிகாரிகளில் கடைசிப் படி. ஆகஸ்டில் போர்ச்சுகலில் ரோலிசா, விமெய்ரோ சண்டைகளில் நிற்கிறான், காலின் கேம்ப்பெல்லாக. அதன்பின் 1863 ஆகஸ்டு 14 அன்று சாத்தமில் இறக்கும்வரை அவர் மக்லிவராகத் திரும்பவே இல்லை.

கேள்விக்குறி:
கதை அழகாக இருக்கிறது ஐயா. அதுதான் எனக்கு உறுத்துகிறது. பெரிய மனிதர்களின் பெயருக்குப் பின்னால் எப்போதும் ஒரு அரச குடும்பத்தவரின் வாய்தவறுதல் இருக்கும். இதை யார் சொன்னது, எப்போது சொன்னது?

வடகடல்:
நியாயமான கேள்வி. அவருக்குக் கீழே பணியாற்றிய ஷாட்வெல் என்ற அதிகாரி 1881இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. கிளைட் இறந்து 18 ஆண்டு கழித்து. ஷாட்வெல் அவரை நேரில் அறிந்தவர், அவருடைய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் வைத்து எழுதியவர். பின்னால் வந்தவர்கள் பெரும்பாலும் இவரைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள்.

கேள்விக்குறி:
அப்படியானால் ஒரே சாட்சி. அதுவும் 1808இல் அறைக்குள் இல்லாத சாட்சி.

என் சந்தேகத்தைச் சொல்லிவிடுகிறேன். பையனுக்குச் செலவு செய்தது மாமா. பள்ளிக்கு அனுப்பியது மாமா. கோமகனிடம் கூட்டிப் போனதும் மாமா. போகும் வழியில் பையனின் பெயர் என்ன என்று மட்டும் பேசிக்கொள்ளவே இல்லையா? தச்சர் மகன் மக்லிவர் என்று சொல்லியிருந்தால் கோமகன் முகம் எப்படிப் போயிருக்கும் என்று அந்த அதிகாரிக்குத் தெரியாதா? காலாட்படையில் என்சைன் பதவியை விலைக்கு வாங்கினால் சுமார் 400 பவுன். தச்சர் குடும்பத்தால் அது ஆகாது. பணம் கொடுக்காமல் வாங்க வேண்டுமானால் சிபாரிசு வேண்டும். சிபாரிசு எடுபட வேண்டுமானால் குலப்பெயர் வேண்டும். எல்லாம் முன்பே யோசித்து வைத்த வேலை. பழியை மட்டும் கோமகன் தலையில் போட்டுவிட்டார்கள்.

மணிக்கூண்டு:
இதற்கு ஒரு இடைச்செருகல். பையனுக்கு நியமனம் கிடைத்து ஓராண்டுகூட ஆகவில்லை, யார்க் கோமகனே நாறிப்போனார். அவருடைய முன்னாள் காதலி மேரி ஆன் கிளார்க் காசு வாங்கிக்கொண்டு படைப் பதவிகளுக்குச் சிபாரிசு செய்தாள், அது கோமகனுக்கும் தெரியும் என்று 1809இல் நாடாளுமன்றத்தில் விசாரணை. லஞ்சக் குற்றச்சாட்டிலிருந்து தப்பினாலும் மார்ச்சில் பதவி விலகினார். 1811இல் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டார், அது வேறு கதை. அந்த அலுவலகத்தில் பெயர்கள் எப்படி எழுதப்பட்டன என்பதில் நாம் ரொம்பத் தூய்மையை எதிர்பார்க்க வேண்டாம்.

வடகடல்:
கேள்விக்குறி சொல்வதில் பாதிக்கு நான் உடன்படுகிறேன்.

போர்க்காலம் அது. நெப்போலியனோடு சண்டை, அதிகாரிகள் தேவை, காசு வாங்காமல் கொடுத்த நியமனங்கள் ஏராளம். அதனால் 400 பவுன் கணக்கு அவ்வளவு அழுத்தமான ஆதாரம் இல்லை. யாராவது மதிப்புள்ள ஒருவர் சொன்னால் போதும். அந்த மதிப்புள்ள ஒருவர் மாமாவே. மருமகன் மக்லிவர் என்றாலும் வேலை நடந்திருக்கும்.

ஆனால் ஷாட்வெல் சொல்வதையே கவனமாகப் படித்தால் அது வெறும் வாய்தவறுதல் கதை இல்லை. கோமகன் தவறாக எழுதினார் என்பது முதல் பாதி. மாமா அதைத் திருத்த வேண்டாம் என்று முடிவு செய்தார் என்பது இரண்டாம் பாதி. எல்லோரும் முதல் பாதியைச் சொல்லிச் சிரித்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். பெயரை மாற்றியது மாமாதான். கோமகன் ஒரு வாய்ப்பைக் கொடுத்தார், அவ்வளவுதான். மாமா முன்பே திட்டமிட்டிருந்தாலும் திட்டமிடாவிட்டாலும் முடிவு ஒன்றே.

இன்னொன்று. கேம்ப்பெல் என்ற பெயர் அவரை மேலே தூக்கிவிட்டது என்று நினைத்தால் அவருடைய பணி வரலாற்றைப் பாருங்கள். 1813இல் சான் செபாஸ்டியன் கோட்டைச் சுவரில் உடைத்த வாயில் வழியாக முதல் ஆட்களோடு ஏறி இரண்டு காயம் பட்ட பிறகுதான் கேப்டன் பதவி. மேஜர் ஆனது 1825இல், அதுவும் விலை கொடுத்து. லெப்டினன்ட் கர்னல் 1832இல், அதற்கும் விலை. இடையில் மேற்கிந்தியப் பகுதியில் டெமராரா. பிறகு 1842இல் சீனா, 1848–49இல் பஞ்சாபில் சீக்கியப் போர். கிரிமியாவுக்குக் கப்பல் ஏறும்போது வயது 61. அவரைவிட இளையவர்கள், பெரிய வீட்டுப் பிள்ளைகள், காசை எண்ணி வைத்து எப்போதோ தாண்டிப் போய்விட்டார்கள். கேம்ப்பெல் என்ற பெயர் கதவைத் திறந்தது உண்மை. அதற்குப் பிறகு அது பெரிதாக ஒன்றும் செய்ததாகத் தெரியவில்லை.

கேள்விக்குறி:
கதவைத் திறந்ததே போதாதா ஐயா? மக்லிவர் என்ற பெயரோடு எத்தனை தச்சர் பிள்ளைகள் அந்த வாசலுக்கே போகவில்லை என்று யார் கணக்கு எடுத்தது!

இருந்தாலும் முடிவெடுத்தவர் மாமா என்ற வரைக்கும் ஒத்துக்கொள்கிறேன்.

பனங்கூடல்:
இலங்கை ஆளுநர் குழப்பத்தை நான் தீர்த்து விடுகிறேன். எங்கள் பக்கம் அவரைக் கொலின் கம்பெல் என்று எழுதுவோம். தேடும்போது அந்த எழுத்திலும் தேடிப் பாருங்கோ.

அவர் பிறந்தது 1776இல். மெல்ஃபோர்ட் கேம்ப்பெல் குடும்பம்; பிறப்பிலேயே கேம்ப்பெல், யாரும் மாற்றி எழுதியது இல்லை. 1803இல் தக்காணத்தில் அகமதுநகர்க் கோட்டை மதிலில் ஏறிய துணிச்சலைப் பார்த்து ஆர்தர் வெல்லஸ்லி, அதாவது பின்னாளில் வெலிங்டன் கோமகன் ஆனவர், தன்னோடு வைத்துக்கொண்டார். பிறகு ஸ்பெயின், வாட்டர்லூ என்று வெலிங்டனின் நிழலாகவே இருந்தவர். 1834 முதல் 1840 வரை நோவா ஸ்கோஷியா ஆளுநர், 1841 முதல் 1847 வரை இலங்கை ஆளுநர். 1847இலேயே லண்டனில் இறந்துவிட்டார். பத்து ஆண்டு கழித்து லக்னோவுக்கு எப்படிப் போவார்?

இருவருமே சர் காலின் கேம்ப்பெல், இருவருமே ஸ்பெயின் போரில் இருந்தவர்கள், இருவருமே ஜெனரல்கள். ஏடுதேடி அண்ணா, உங்கள் அடைவில் பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் போடாவிட்டால் யாராவது கட்டாயம் குழம்புவார்கள்.

சித்திரைப்பெண்:
எனக்கு ஒரு சட்டச் சந்தேகம். இன்று ஆதாரில் ஒரு எழுத்து மாற்றக் கெசட் வரைக்கும் போக வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரு படை அதிகாரி வேறு பெயரில் ஐம்பது ஆண்டு சம்பளம் வாங்கினால் யாரும் கேட்க மாட்டார்களா? பெயர் மாற்றப் பத்திரம் எதுவும் இல்லையா?

வடகடல்:
தேவை இல்லை அம்மா. பிரிட்டனில் ஒருவர் ஏமாற்றும் நோக்கம் இல்லாமல் எந்தப் பெயரில் வழங்கப்படுகிறாரோ அதுவே சட்டப்படி பெயர். பத்திரம் எழுதுவது ஒரு வசதி, கட்டாயம் அல்ல. அரச அனுமதி தேவைப்பட்டது பெரும்பாலும் சொத்து விஷயத்தில். ‘என் நிலத்தை எடுத்துக்கொள்பவன் என் பெயரையும் குலச் சின்னத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டும்’ என்று உயில் எழுதி வைப்பார்கள். அந்தச் சின்னத்துக்காகத்தான் அனுமதி.

கிளைட் விஷயத்தில் சொத்தும் இல்லை, உயிலும் இல்லை. அதனால் மக்லிவர் எந்த நாளில் கேம்ப்பெல் ஆனார் என்று காட்டும் ஒரு தாளைத் தேடி யாரும் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். 1808 நியமனம்தான் அந்தத் தாள்.

சித்திரைப்பெண்:
சொத்துக்காகப் பெயர் மாறிய தளபதி என்றால் வெலிங்டன் குடும்பம் நினைவுக்கு வருகிறது. அது இன்னும் பெரிய கூத்து.

வெலிங்டனின் தாத்தா பெயர் ரிச்சர்ட் காலி. அயர்லாந்தில் பிள்ளை இல்லாத உறவினர் காரெட் வெஸ்லியின் சொத்து 1728இல் இவருக்கு வந்தது. அதோடு வெஸ்லி என்ற பெயரும் வந்தது. மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் பாடலாசிரியர் சார்லஸ் வெஸ்லியைத்தான் முதலில் வாரிசாகக் கேட்டார்கள், அவர் மறுத்துவிட்டார் என்று மெதடிஸ்ட்கள் மத்தியில் ஒரு கதை சொல்வார்கள். வாட்டர்லூவில் ஜெயித்தவர் பிறந்தபோது ஆர்தர் வெஸ்லிதான். பிறகு அண்ணன் ரிச்சர்டுக்கு வெஸ்லி போதவில்லை, பழைய வடிவம் என்று வெல்லஸ்லி ஆக்கிக்கொண்டார். தம்பி கொஞ்ச காலம் வெஸ்லியாகவே இருந்தார். அண்ணன் கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தாவில் வந்து இறங்கியது 1798 மே மாதம். தம்பியின் கடிதங்களில் வெல்லஸ்லி என்ற கையெழுத்து தொடங்குவதும் அதே 1798 மே மாதம்! அண்ணன் மேலதிகாரியாக வந்தபின் குடும்பத்துக்கு இரண்டு எழுத்துக்கூட்டு எதற்கு என்று நினைத்திருப்பார்.

அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணம், தஞ்சாவூர், 1801இல் ஆர்க்காட்டு நாடு என்று நம் பக்கத்தை விழுங்கிய வெல்லஸ்லி இந்த அண்ணன்தான். பெயருக்கு வயது பத்துச் சொச்சம் ஆண்டு.

மணிக்கூண்டு:
பத்துச் சொச்சம்! இனி வெல்லஸ்லி என்று படிக்கும்போதெல்லாம் இதுதான் வரும்.

தெற்குவாசல்:
1857, லக்னோ என்று பேச்சு வந்ததால் கேட்கிறேன். சென்னை மவுண்ட் ரோட்டில் இருந்ததே நீல் சிலை, அவரும் கேம்ப்பெல் படைதானே?

மணிக்கூண்டு:
இல்லை. நீல் மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ் படைப்பிரிவின் தளபதி. ஹாவ்லக், அவுட்ராம் என்ற பிரிட்டிஷ் தளபதிகள் இருவரும் 1857 செப்டம்பரில் லக்னோவுக்குள் நுழைந்தபோது நீல் அங்கேயே சுடப்பட்டு இறந்தார். கேம்ப்பெல் லக்னோவுக்கு வந்தது நவம்பரில். அப்போது முற்றுகையில் உள்ளே சிக்கியிருந்தவர்களை வெளியே கொண்டுவந்தார், நகரத்தைப் பிடித்தது 1858 மார்ச்சில். நீல் அலகாபாத், கான்பூர்ப் பக்கம் செய்த கொடுமைகளுக்காகத்தான் 1927இல் சென்னையில் அந்தச் சிலையை எடுக்கச் சொல்லி சத்தியாகிரகம் நடந்தது. 1937இல் ராஜாஜி அமைச்சரவை வந்தபின் அதை அங்கிருந்து எடுத்தார்கள்; பின்னர் அது எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. நீல் பற்றித் தனி இழை தொடங்குங்கள், நானே வருகிறேன். இங்கே வேண்டாம்.

ஏடுதேடி:
எல்லோருக்கும் நன்றி. இப்படிப் போடலாம் என்று இருக்கிறேன்: முதன்மைப் பதிவு ‘கேம்ப்பெல், சர் காலின், கிளைட் பிரபு, 1792–1863, பிறப்புப் பெயர் மக்லிவர்’. கி வரிசையிலும் ம வரிசையிலும் ‘கேம்ப்பெல் பார்க்க’ என்று ஒரு வரி. இலங்கை ஆளுநர் எங்கள் தொகுப்பில் வரவில்லை, ஆனாலும் பனங்கூடல் சொன்னதை ஒரு அடிக்குறிப்பாகச் சேர்த்துவிடுகிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. பிறப்புப் பெயருக்கு முதன்மை இடம் கொடுக்காதது நியாயமா?

கேள்விக்குறி:
அநியாயம்தான். அந்த அப்பா பாவம்.

வடகடல்:
அடைவு தேடுபவருக்காக, நியாயத்துக்காக அல்ல. அவர் கையெழுத்திட்டது கேம்ப்பெல் என்று. வெஸ்ட்மின்ஸ்டர் ஆபியின் கல்லறைக் கல்லிலும் காலின் கேம்ப்பெல், கிளைட் பிரபு என்றுதான் இருக்கிறது. தன் தகுதியால் ஐம்பது ஆண்டு உழைத்து ஃபீல்ட் மார்ஷல் பதவிக்கும் பிரபு நிலைக்கும் உயர்ந்தவர் என்று அதில் செதுக்கியிருக்கிறார்கள். மக்லிவர் அங்கே எங்குமே இல்லை. இங்கே கிளாஸ்கோவின் ஜார்ஜ் சதுக்கத்தில் ஃபோலி வடித்த சிலையை 1868இல் வைத்தார்கள்; ஊர்க்காரர்களைக் கேட்டால் அதுவும் கேம்ப்பெல் அல்லது கிளைட். திருமணம் செய்துகொள்ளாதவர் என்பதால் பட்டமும் அவரோடு முடிந்தது, கேம்ப்பெல் என்ற பெயரை வாங்கிக்கொள்ளவும் பிள்ளைகள் இல்லை.

பனங்கூடல்:
ஆளுநர் கம்பெல்லுக்கு முன்பு இலங்கையில் இருந்தவரும் பெயர் மாறியவர்தான். ஸ்டூவர்ட் மெக்கன்சி, 1837 முதல் 1841 வரை. பிறந்தது ஜேம்ஸ் அலெக்சாண்டர் ஸ்டூவர்ட் என்று. சீஃபோர்த் மெக்கன்சி குடும்பத்தின் வாரிசு மேரியைக் கட்டிக்கொண்டபோது மனைவியின் பெயரையும் சேர்த்துக்கொண்டார். தளபதி இல்லை, ஆனாலும் வடகடல் ஐயா சொன்ன சொத்துக் கணக்குக்குப் பொருந்துகிறதே என்று எழுதினேன்.

சித்திரைப்பெண்:
மாப்பிள்ளை பெண் வீட்டுப் பெயரை எடுத்துக்கொண்டாரா! இதை எங்கள் வீட்டில் வாசித்துக் காட்டப்போகிறேன்.

தெற்குவாசல்:
வடகடல் ஐயா, மக்லிவர் குடும்பத்தை இன்னும் பின்னால் தேட வேண்டுமானால் எங்கே ஆரம்பிப்பது? சும்மா ஒரு ஆர்வம்தான்.

வடகடல்:
ஸ்காட்லாந்தில் பிறப்பு இறப்புகளை அரசே பதிவு செய்யத் தொடங்கியது 1855இல். அதற்கு முன்னால் உள்ளதெல்லாம் தேவாலயப் பதிவேடுகள். அவை எடின்பரோவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்பில் இருக்கின்றன, ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள் தளத்தில் படங்களாகவும் கிடைக்கும். பதிந்துகொண்டால் அட்டவணையைத் தேடுவது இலவசம், பக்கத்தின் படத்துக்குத்தான் காசு.

ஸ்காட்டிஷ் பதிவேடுகளில் நமக்கு ஒரு பெரிய உதவி உண்டு. ஞானஸ்நானப் பதிவில் தாயின் பிறந்த வீட்டுப் பெயரையும் எழுதுவது அங்கே வழக்கம். இங்கிலாந்துப் பதிவேடுகளில் பெரும்பாலும் அம்மாவின் முதல் பெயர் மட்டும்தான். அதனால் ஜான் மக்லிவர், ஆக்னஸ் கேம்ப்பெல் என்ற இரண்டு பெயரையும் ஜோடியாகத் தேடலாம். தம்பி தங்கைகளையும் அந்த ஜோடியை வைத்தே பிடிக்கலாம்.

படை விண்ணப்பங்கள் லண்டனில் கியூ என்ற பகுதியில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில். போர் அலுவலக ஆவணங்களில் 31ஆம் வரிசை. தலைமைத் தளபதிக்கு வந்த சிபாரிசுக் கடிதங்கள் தேதி வாரியாகக் கட்டப்பட்டிருக்கும். கேள்விக்குறிக்கு என்றாவது லண்டன் பயணம் வாய்த்தால் 1808 மே மாதக் கட்டைப் பிரித்துப் பார்க்கட்டும். மாமாவின் கடிதம் அதில் இருந்து, பையனைக் கேம்ப்பெல் என்று அவரே எழுதியிருந்தால் வழக்கு அவர் பக்கம்.

கேள்விக்குறி:
டிக்கெட் நீங்கள் எடுத்தால் நாளைக்கே கிளம்புகிறேன்.

வடகடல்:
முதலில் இலவச அட்டவணையைத் தேடுங்கள்.

தேடும்போது ஒரு எச்சரிக்கை. பழைய எழுத்தர்கள் ‘மக்’ என்பதை ஒரே மாதிரி எழுத மாட்டார்கள். எம்ஏசி என்று முழுதாகவும் இருக்கும், எம்சி என்று சுருக்கியும் இருக்கும், எம் போட்டு மேலே ஒரு கீற்றோடு விட்டுவிடுவதும் உண்டு. எம் எழுத்து, அதன்பின் நட்சத்திரக் குறி, அதன்பின் லிவர் என்று கொடுத்துத் தேடினால் எல்லாம் ஒன்றாக வரும். ஊர் கிளாஸ்கோ, ஆண்டு 1790 முதல் 1805 வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐலாத் தீவுப் பக்கம் அம்மா குடும்பத்தைத் தேடினால் கேம்ப்பெல் என்று அடித்ததும் கொட்டும். அங்கே தேவாலய வட்டாரத்தின் பெயரையும் சேர்த்துக் கொடுக்காமல் தொடங்கவே தொடங்காதீர்கள்.